கானாவூரில் சோடனை செய்தவர் யார்?



தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பின், தாய் ஒருவர் அறைவீட்டு விறாந்தையில் காத்துக்கொண்டிருந்தார். வன்னியின் உட்கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய மூத்த மகளுக்கு உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாம் கிழமையில் விவாகம் என்று நாள் குறித்திருந்தோம். மணமகனும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். வயல்வேலையும் மேசன் வேலையும் தெரிந்தவன்.

"சுவாமி, கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளிப் போடுவம் எண்டு நினைக்கிறன்" என்றார்.

இது இரண்டாம் தடவை. முதல் தடவை மழை வெள்ளம் காரணம். பயிர் அழிந்தது, நானும் மறுபேச்சுப் பேசவில்லை. இம்முறை என்ன என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். மண்டபச் சோடனை செய்பவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு அது. மேடை, வாசல் வளைவு, நடைபாதை ஓரத்துத் தூண்கள், மின்குமிழ்த் திரை, மணமக்கள் ஏறும் வாகனத்துக்குப் பூ என்று நிரையாக எழுதி, அடியிலே ஒரு கூட்டுத்தொகை. அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் சிலர் "இவ்வளவுதானா?" என்பீர்கள், வேறு சிலருக்கு மூச்சு நின்றுவிடும். அதுவே இன்றைய வன்னியின் நிலை.

"ஏற்கெனவே ஒரு குழுக்கடன் இருக்குது சுவாமி. கிழமைக்குக் கிழமை கட்ட வேணும். ஆவணிக்குள்ள அதைக் கட்டி முடிச்சா, இன்னொண்டு எடுக்கலாம்."

கடன் முடிவது இன்னொரு கடன் எடுப்பதற்காக! இந்தத் தாயைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. கடன்காரர் கதவைத் தட்டும் நாளில் பின்வாசலால் வெளியேறிப் பற்றைக்குள் ஒளித்திருந்த பெண்களின் கதையை நம் பங்குகளில் கேளாத குருவானவர் இல்லை. 2018 ஆம் ஆண்டிலே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு அந்தத் துன்பம் முற்றியிருந்தது. வடக்கின் மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

சரி, விவாகம் என்னும் திருவருட்சாதனம் செல்லுபடியாவதற்குத் திருச்சபை எதைக் கேட்கிறது? தடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும், அவர்களுடைய மனச் சம்மதம், அதைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுவதற்கு அதிகாரம் உள்ள குருவானவர் அல்லது திருத்தொண்டர், இரண்டு சாட்சிகள். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108 ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். வாசல் வளைவு அதில் இல்லை. ஆனால் நம்மிடையே எத்தனை பிள்ளைகள், வளைவுக்குக் காசு சேரும்வரை கோவில் விவாகத்தைத் தள்ளிவைத்து, பிறகு அப்படியே ஒன்றாக இருந்துவிடுகிறார்கள்! பாப்பரசர் பிரான்சிஸ் 2016 இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட ‘அமோரிஸ் லெத்தீசியா’ என்னும் திருத்தூது அறிவுரை மடலில் இதைக் குறிப்பாகவே எடுத்துப் பேசியிருக்கிறார். கொண்டாட்டச் செலவுக்குப் பயந்தே சில சோடிகள் விவாகம் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்றும், மணமக்கள் மற்றவர்களைப் போல அல்லாமல் எளிமையாகச் செய்யும் துணிவு கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதினார். உரோமாபுரியில் இருந்தவருக்கு நம்முடைய உட்கிராமத்து வருத்தம் தெரிந்திருந்தது போலும்!

ஆயினும், "எதுவும் வேண்டாம், வெறும் கோவிலில் வந்து நில்லுங்கள்" என்று அந்தத் தாயிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்வது சரியுமல்ல. பிள்ளையின் கலியாணத்துக்கு வாசலில் ஒரு தோரணமாவது ஆட வேண்டும் என்பது பெருமையல்ல, நன்றி. இஸ்ரயேலருக்குக் கூடாரத் திருநாளை ஏற்படுத்திய ஆண்டவரே, பேரீச்ச ஓலையையும் தழை நிறைந்த கிளைகளையும் எடுத்துக்கொண்டு ஏழு நாள் அக்களிக்கும்படி கட்டளையிட்டார் என்று லேவியராகமம் 23 ஆம் அதிகாரம் கூறுகிறது. மடுத் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள்ளே தடி நட்டுக் குழை போட்டுக் கொட்டில் கட்டித் தங்கிய நம் பெற்றோருக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. ஆண்டவர் கேட்டது வெட்டியெடுக்கும் கிளையை. கடையில் வாங்கும் கிளையை அல்ல.

கானாவூருக்கு வருவோம். அருளப்பர் எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை விவாகத் திருப்பலிகளில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள். அங்கே பந்தல் எப்படி இருந்தது, மணவறை எப்படி இருந்தது என்று ஒரு சொல் இல்லை. மணமகளின் பெயர்கூட இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் நற்செய்தியாளர் அளந்து எழுதுகிறார்: ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும். அந்த அளவையை இன்றைய கணக்கில் மாற்றினால் ஒரு குடம் ஏறக்குறைய 39 லீற்றர். ஆறு சாடிக்கும் சேர்த்து ஏறக்குறைய 470 முதல் 700 லீற்றர் வரை வருகிறது. சாடிகள் வெறுமையாக இருந்திருந்தால், பத்து லீற்றர் வாளியால் ஐம்பது முதல் எழுபது தடவை கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டும். பணியாளர்கள் நடந்தார்கள். விளிம்பு மட்டும் நிரப்பினார்கள். அதன் பிறகே ஆண்டவர் தமது முதல் அற்புதத்தைச் செய்தார்.

அந்தச் சாடிகள் இரவலாக வந்தவையல்ல, விலைக்கு வாங்கியவையுமல்ல. கை கால் கழுவ அந்த வீட்டிலேயே கிடந்தவை. தண்ணீர் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர். இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளனுக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்டவர்களுக்கோ தெரிந்திருந்தது என்று அருளப்பர் ஒரு குறிப்பும் சேர்க்கிறார். கலியாண வீட்டின் அற்புதத்தை அருகில் நின்று கண்டவர்கள் கதிரையில் இருந்தவர்களல்லர், தண்ணீர் சுமந்தவர்கள்!

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு எங்கள் குடும்பமும் வன்னிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து, அக்கராயன் பக்கத்தில் ஒரு தறப்பாள் கொட்டிலில் என் பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம். பொருளாதாரத் தடைக் காலம். பற்றரியும் சீமெந்தும் எரிபொருளும் காணக் கிடையாது. சோடனைக்கு எதை எடுப்பது? பள்ளிக்கூடப் பழைய கொப்பித் தாள்களை நாங்கள் சிறுவர்கள் கிழித்துக் கொடுத்தோம். பெண்கள் அவற்றை மடித்து நறுக்கிப் பூவாக்கினார்கள். மஞ்சள் தண்ணீரில் தோய்த்தவை மஞ்சள் பூ, செவ்வரத்தம் பூவைக் கசக்கிய தண்ணீரில் தோய்த்தவை ஊதாப் பூ. காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு பூவின் இதழில் யாரோ பிழையாகச் செய்த பின்னக் கணக்கும் ஆசிரியர் போட்ட சிவப்புக் கோடும் தெரிந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அது என்னுடைய கணக்கு என்பதை அன்று நான் சொல்லவில்லை.

ஆனாலும், மலிவு என்பதற்காக வீட்டுச் சோடனையைப் புகழ்கிறேன் என்று எண்ண வேண்டாம். தாவீது அரசர் பலிபீடம் கட்டக் களத்து நிலம் தேடியபோது, அதன் சொந்தக்காரன் நிலத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றான். தாவீது மறுத்து ஐம்பது வெள்ளிக் காசு கொடுத்தே வாங்கினார்; தமக்கு ஒரு செலவும் இல்லாததை ஆண்டவருக்குக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. வீட்டுச் சோடனைக்கும் விலை உண்டு. இரண்டு இரவு நித்திரை, பத்துப் பதினைந்து பேரின் கை, பல நாள் பேசாதிருந்த அயலவரிடம் போய் ஏணி கேட்கும் தாழ்மை. இந்த மூன்றாவதுதான் பலருக்குக் கொடுக்க இயலாத விலை. காசு கொடுத்தால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை அல்லவா? வாடகைச் சோடனையின் கவர்ச்சியில் பாதி அதுவே என்பது என் எண்ணம்.

நானும் குற்றவாளி. குருப்பட்டம் பெற்ற புதிதில், பீடத்துக்கு நெகிழிப் பூக்களைப் பெட்டியோடு வாங்கி அடுக்கி, "வாடாத பூ" என்று பெருமைப்பட்டவன் நான். ஒரு வருடத்தில் அவற்றில் படிந்த தூசியைக் கழுவிக் களைத்துப்போன சங்கிலித்தார்தான் எனக்குப் புத்தி சொன்னார். 2017 செப்ரெம்பர் 1 முதல் சமய, சமூக விழாக்களின் சோடனைக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதை நாட்டின் சட்டமே தடுத்திருக்கிறது. 2023 ஒக்ரோபரில் நெகிழிப் பூமாலையும் தடைப் பட்டியலில் ஏறியது. கலியாணம் முடிந்த மறுநாள் அவற்றைக் குவித்துக் கொளுத்தும் புகையைச் சுவாசிப்பவர்கள் அயல் வீட்டுக் குழந்தைகளே.

அந்தத் தாயோடு இருந்து அன்றிரவே ஒரு கொப்பித் தாளில் எழுதத் தொடங்கினோம். அதை இங்கே விரித்துச் சொல்கிறேன். வேறு தாய்மாருக்கும் உதவும்.

பந்தலின் உட்கூரைக்குச் சேலை. ஒரு சேலை ஏறக்குறைய 18 அடி நீளம், 4 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். 16 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள பந்தலுக்கு, நெருக்கி விரித்தால் 8 சேலை, அலை அலையாகச் சுருக்கித் தொங்கவிட்டால் 12 சேலை. பன்னிரண்டு வீட்டில் ஒவ்வொரு சேலை. ஊசி குத்தினால் கிழியும். சேலைக்குள் ஒரு சிறிய கல்லோ புளியங்கொட்டையோ வைத்து வெளியே நூலால் கட்டினால் துணிக்குச் சேதமில்லை. எந்தச் சேலை யாருடையது என்று கட்டாயம் எழுதி வையுங்கள். கலியாணத்தால் சேர்ந்த அயல், சேலையால் பிரிந்த கதையும் எனக்குத் தெரியும்.

தோரணத்துக்குக் குருத்தோலை. இதிலே ஓர் எச்சரிக்கை. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. ஆசையில் அடிவரை வெட்டினால் மரமே போய்விடும். விரியாத குருத்தின் மேற்பாதியை மட்டும், ஒரு மரத்துக்கு ஒன்று வீதம், மரம் ஏறத் தெரிந்தவரைக் கொண்டு எடுப்பியுங்கள். முதல்நாள் பின்னேரமே வெட்ட வேண்டும்; ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்தால் மறுநாள் திருப்பலி முடியும்வரை பொன்னிறம் மாறாது. ஈர்க்கைப் பிரித்தெடுத்து மடிப்பதற்கு நம் பிள்ளைகளுக்குப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. குருத்து ஞாயிறன்று சிலுவை பின்னும் விரல்கள் அல்லவா? ஆனால் கலியாண வீட்டுத் தோரணத்தின் மடிப்பு வேறு, செத்த வீட்டுத் தோரணத்தின் மடிப்பு வேறு. மூத்தவர் ஒருவரைக் கதிரை போட்டு இருத்தி, அவர் காட்ட மடியுங்கள். அவருக்கும் அது ஒரு நல்ல நாளாக இருக்கும்.

பூவுக்கு வன்னியில் குறையில்லை. குளத்தில் தாமரை உண்டு. விடியப் பறித்துத் தண்ணீரில் வைத்து, வெளியிதழ்களை உள்ளே மடித்துவிட்டால் வாடியது தெரியாது. ஆனால் எனக்குப் பிடித்தது வேலியோரத்துப் போகன்வில்லா. நாம் பூ என்று நினைக்கும் அந்த நிறம் உண்மையில் இலையே. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. ஆதலால் அது நம் வெயிலுக்கும் அவ்வளவாக அஞ்சாது. வாசலுக்கு இரண்டு வாழை, நிறைகுடத்துக்கு மாவிலை, தென்னம்பாளை. அடுத்த நாள் வாழைத் தண்டு மாட்டுக்கு, தோரணம் குப்பைக் கிடங்குக்கு. கொடிகளுக்கு நிறக் கடதாசியும் கோதுமை மாவில் காய்ச்சிய பசையும் போதும். பசைக்குள் ஒரு சிட்டிகை துருசு போட்டால் பூச்சி அரிக்காது. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும், அது நஞ்சு.

கோவிலுக்குள்ளே எவ்வளவு என்று கேட்பீர்கள். பீடத்தைச் சுற்றிப் பூ வைக்கலாம், பீடத்தின் மேலே பூக்குவியல் வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் ஆடம்பரத்தைவிட உயர்ந்த அழகையே தேடச் சொல்கிறது. வழிபாட்டின் வெளிச் சிறப்புகளில் தனிப்பட்ட ஆட்களுக்கோ வகுப்பினருக்கோ தனி மரியாதை காட்டலாகாது என்றும் 32 ஆம் பிரிவில் சொல்கிறது. அதன்படி எங்கள் பங்கில் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம்: கனடாவிலிருந்து வந்து கலியாணம் செய்பவருக்கும் கூலிக்குக் களை பிடுங்குபவருக்கும் கோவிலின் உட்சோடனை ஒரே அளவு. முதலில் முணுமுணுப்பு இருந்தது. இப்பொழுதும் கொஞ்சம் இருக்கிறது.

வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் காசில் எழும்பிய வீடுகள் பல, படித்த பிள்ளைகள் பலர், அதை மறுப்பாரில்லை. ஆனால் நீங்கள் பெரிய மண்டபத்தில் செய்யும் ஒரு கொண்டாட்டத்தின் படத்தை அந்த ஊர் முழுவதும் தொலைபேசியில் பார்க்கிறது. அடுத்த மாதம் கலியாணம் வைத்திருக்கும் விதவைத் தாயும் பார்க்கிறார். சோடனைக்கு அனுப்ப நினைத்ததில் பாதியையாவது மணமக்களுக்குக் கிணறு கட்டவோ ஒரு பசு வாங்கவோ அனுப்பினால், அவர்கள் வீட்டில் அது நெடுங்காலம் நிற்கும்.

எல்லாம் எழுதி முடிந்த பிறகும் அந்தத் தாய் எழும்பவில்லை. "இன்னும் ஒண்டு கேக்க வேணும் சுவாமி" என்றார். "அவற்ற படத்துக்கு என்ன செய்யிறது?"

அவருடைய கணவரை 2009 வைகாசியில் வட்டுவாகல் பக்கம் கடைசியாகக் கண்டது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் இவரும் பல நாள் இருந்தவர். கலியாண வீட்டில் தகப்பனின் படத்தை வைக்காமலும் விட முடியாது. வைத்தால் வருகிறவர்களில் யாராவது ஒருவர் மாலை போட்டுவிடுவார். மாலை போட்டால் அவர் செத்துவிட்டார் என்று இவரே ஒப்புக்கொண்டது போலாகும். முன்னால் விளக்கு வைத்தாலும் அப்படியே. குருமடத்தில் ஒன்பது வருடம் படித்தவனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. செபித்துப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

விவாகத்துக்கு முதல்நாள் பின்னேரம் பந்தலுக்குப் போனேன். மாதா சங்கத்துப் பெண்கள் தோரணம் மடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சைவ வீட்டுக்காரர் வாழை வெட்டிக் கொண்டுவந்து நட்டுக்கொண்டிருந்தார். இளைஞர் இருவர் ஏணியில் நின்று சேலை கட்டினார்கள். பதினொரு சேலை கட்டியாயிற்று. மணவறைக்கு நேர் மேலே ஓர் இடம் மட்டும் வெளியாக இருந்தது. "இன்னொரு சேலை தாங்கோ மாமி" என்று மேலே நின்றவன் கேட்டான். அவர் உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சுமந்துகொண்டு திரிந்த வேட்டி. மடிப்பிலே மஞ்சள் படிந்திருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன் அதை வாங்கி இரண்டு தலைப்பையும் இழுத்துக் கட்டினான். மறுநாள் அதன் கீழே மணமக்கள் இருந்தார்கள்.

குறித்த நாளிலேயே விவாகம் நடந்தது. சேலைகள் எல்லாம் பட்டியல்படி திரும்பிப் போய்விட்டன. தும்புக் கயிறுகளும், மடித்துக் கட்டிய கடதாசிக் கொடிகள் இரண்டு பெட்டியும், ஏணி ஒன்றும் அறைவீட்டு விறாந்தையில் இருக்கின்றன. வைகாசியில் இன்னும் இரண்டு கலியாணம் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் சங்கிலித்தாரிடம் கேட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.